குள்ளனின் பிப்ரவரி முப்பது

குளிர்காலத்தை அவள் பகல் இரண்டு மணிக்குத்தான் பார்ப்பாள். சாப்பிட்ட டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஜன்னல் சீலையைப் பாதி இழுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்காருவாள். கணினியில் வட துருவம், மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற மாதிரி, ஒரு வட்டத் தட்டாக விரியும். ஒரு நாளுக்கு ஒரு படம். நூற்றைம்பது படம் ஓடினால் ஒரு குளிர்காலம். ஐந்து நிமிடத்தில் நவம்பரில் ஏறி மார்ச்சில் இறங்கிவிடலாம்.

தட்டின் நடுவில் கருநீலமாக ஒன்று சுழலும். அதுதான் துருவச் சுழல். சூரியன் தலைகாட்டாத மாதங்களில், விமானம் போகிற உயரத்துக்கும் வெகு மேலே, முப்பது கிலோமீட்டரில், உறைந்த காற்று மேற்கிலிருந்து கிழக்காகத் துருவத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். சில வருடங்களில், குளிர்காலத்தின் நட்டநடுவில், கீழேயிருந்து எழும்பி வருகிற பெரிய காற்றலைகள் அதை முட்டி முட்டிக் கலைத்துவிடும். சுழல் நீண்டு, நெளிந்து, சமயத்தில் இரண்டாகப் பிளந்து, காற்று எதிர்ப்பக்கமாக ஓடத் தொடங்கும். நாலைந்து நாளில் அங்கே நாற்பது டிகிரி, ஐம்பது டிகிரி சூடு ஏறிவிடும். அந்தக் கலகம் மெல்ல மெல்லக் கீழே இறங்க, சில வாரம் கழித்து, எங்கோ ஓர் ஊரில் ஒருவர் பெட்டியைத் திறந்து இன்னொரு கம்பளி தேடுவார். மேலே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

அவள் பார்ப்பது நிஜ வானத்தை அல்ல. காலநிலை ஆய்வு நிலையத்தின் மூன்றாம் மாடியில், கணினிக்குள் வளர்க்கப்படும் பூமிகளின் வானத்தை. மாதிரிகள் என்பார்கள். பல ஊர்க்காரர்கள் பல விதமாகச் செய்து அனுப்பியவை, மொத்தம் இருபத்திரண்டு. ஒவ்வொன்றிலும் கடலும் மலையும் மேகமும் காற்றும் உண்டு, மனுஷன் மட்டும் இல்லை. ஒவ்வொன்றின் முப்பது குளிர்காலங்களிலும் சுழல் எத்தனை தடவை உடைகிறது என்று எண்ணி, நிஜ வானத்தின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வைத்து அட்டவணை போடுவது அவள் வேலை. நிஜத்தில் பத்து வருடத்துக்கு ஏறக்குறைய ஆறு தடவை. காற்று திசை மாறி, குளிர்காலம் முடிவதற்குள் பழையபடி திரும்பினால் அது ஓர் உடைப்பு. திரும்பாமலே போனால் அது வசந்தம் வந்து வழக்கமாகக் கலைவது, கணக்கில் சேராது.

அதனால் அலுவலகத்தில் அவள் பெயர் அட்டவணையக்கா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது.

மாதிரிகளுக்குப் பெயர் வைத்தது அவள்தான். தொட்டதற்கெல்லாம் உடைகிற ஒன்று அவசரக்குடுக்கை. என்ன முட்டினாலும் அசையாத ஒன்று மரக்கட்டை. வானத்தின் கூரையைத் தாழ்வாக வைத்துக் கட்டப்பட்ட ஒன்று குள்ளன். மற்றவர்களுக்கெல்லாம் எண்பது கிலோமீட்டர் வரை வானம் இருக்க, குள்ளனுக்கு நாற்பதோடு சரி. ஒரு தடவை துறைத்தலைவர் எல்லா மாதிரிகளையும் கூட்டிச் சராசரி எடுத்துப் பார்த்தார். ஒரு சலனமும் இல்லாத, துடைத்துவிட்ட மாதிரி அழகான குளிர்காலம் வந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதியில் உடைவதால், கூட்டி வகுத்தபோது எல்லா உடைப்பும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டுவிட்டது. "இருபத்திரண்டு வீட்டுச் சண்டையைச் சராசரி எடுத்தா, சண்டையே போடாத வீடு கிடைக்கும் சார்," என்றாள். அவர் அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டார்.

பெரிய படிப்பு என்று அவளுக்கு ஒன்றும் கிடையாது. இருபத்திரண்டு வயதில், வானத்துக்கு அனுப்பும் பலூன்கள் சொல்லும் எண்களைத் தாளிலிருந்து கணினியில் ஏற்றுகிற வேலைக்கு வந்தாள். ஒரு நாள், துருவத்துக்குப் பக்கத்து நிலையம் ஒன்றின் தாளில், ஒரு வாரத்துக்குள் வெப்பம் நாற்பத்தைந்து டிகிரி எகிறியிருந்தது. யாரோ தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்கிறார் என்று நினைத்து மேற்பார்வையாளரிடம் எடுத்துப் போனாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "தப்பில்லம்மா. வானம் சில சமயம் அப்படித்தான் பண்ணும்," என்றார். அன்றைக்குப் பேருந்தில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனாள். உட்கார இடமிருந்தது, தோன்றவில்லை. நம்ப முடியாத எண்ணைக் கண்டால் இரண்டு தடவை பார்ப்பது அப்போதிலிருந்து அவளுக்குப் பழக்கம். இருபத்தாறு வருடத்தில் நம்ப முடியாத எண் எதுவும் அவளை ஏமாற்றியதில்லை.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பச்சை நோட்டு, நூல் கட்டித் தொங்கும். வெளியே போன அட்டவணையில், படத்தில், அறிக்கையில் யாருடைய தப்பு தெரிந்தாலும், அவரே தன் கையால் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திட்டு கிடையாது, விசாரணை கிடையாது. எழுதினால் போதும். பக்கத்து மேஜைக்காரருக்கு அதில் பதினாலு பக்கம் இருந்தது. துறைத்தலைவருக்கே மூன்று. அட்டவணையக்காவுக்கு ஒரு வரிகூட இல்லை. "அக்கா அட்டவணைன்னா கண்ண மூடிக்கிட்டு அனுப்பலாம்," என்பார்கள். கேட்காத மாதிரிதான் இருப்பாள். ஆனால் நோட்டைத் தாண்டிப் போகும்போது நடை ஒரு சுற்று நிதானமாகும்.

அந்த வாரம் அவள் போட்ட அட்டவணையை வைத்துக்கொண்டு இருபத்திரண்டில் ஒன்றைக் கழிப்பதாக இருந்தது. இனி குளிர்கால முன்னறிவிப்புக்கு இருபத்தொன்று போதும் என்று முடிவாகியிருந்தது. வரிசையில் கடைசி குள்ளன். முப்பது வருடத்தில் ஐந்தே உடைப்பு. பத்து வருடத்துக்கு இரண்டுகூடத் தேறவில்லை. யாரும் புருவத்தை உயர்த்தவில்லை. தாழ்ந்த கூரைக்கு அப்படித்தான் ஆகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வியாழக்கிழமை கூட்டம், கையெழுத்து, முடிந்தது.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"மேடம், குள்ளனோட அம்மா பேசுறேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யோ, அந்தப் பேரு உங்க வரைக்கும் வந்துடுச்சா?"

"வந்தா என்ன, இருக்கிறதத்தானே சொல்றீங்க." வேறோர் ஊரில், இரண்டே அறை உள்ள அலுவலகத்தில், தன்னோடு சேர்த்து நாலே பேராக அந்த மாதிரியைப் பதினைந்து வருடமாகப் பராமரிக்கிறவளின் குரல். "கூரையத் தாழ்வா வச்சது நாந்தான். அப்ப எங்க மெஷின் அதுக்கு மேல தாங்கல. சரி, அதுக்காகக் கூப்பிடல. அவனக் கழிச்சுட்டா இங்க கதவச் சாத்திடுவாங்க. எங்க நாலு பேரையும் நாலு இடத்துக்கு அனுப்பிடுவாங்க. அதச் சொல்லி அழவும் கூப்பிடல. அஞ்சு தடவைன்னு போட்டிருக்கீங்களே, அதான் இடிக்குது. நான் ஒரு காலத்துல எண்ணினப்ப டசனுக்கு மேல வந்துச்சு."

"எண்ணின தாள் இருக்கா?"

"எங்க! எட்டு வருஷமாச்சு. வீடு மாத்தினதுல போச்சு."

"பெத்தவங்க எண்ணினா கொஞ்சம் தாராளமாத்தான் வரும்," என்றாள் அட்டவணையக்கா.

அந்தப் பக்கம் சிரிப்பு. "இருக்கும், இருக்கும். ஆனா நீங்க எல்லாருக்கும் ஒரு குளிர்காலமாவது ஓட்டிப் பாத்துட்டுத்தான் அனுப்புவீங்கன்னு சொல்வாங்க. அவனுக்கும் பாத்தீங்கல்ல?"

"பாக்காம அனுப்புவேனா."

போனை வைத்தபோது காது சூடாக இருந்தது. அவள் பார்க்கவில்லை. இருபத்தொரு மாதிரிகளுக்கும் பார்த்தாள். குள்ளனின் முறை வந்த அன்று மகளுக்குப் பல் வலி, சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. அவன் கதைதான் தெரிந்த கதையாயிற்றே என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் வீட்டில் துவைத்த துணியை மடித்துக்கொண்டே கணவரிடம் கேட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டில் அவர் கையெழுத்திட்ட அட்டை ஒட்டியிருக்கும்.

"கூரை தாழ்வா இருந்தா என்னங்க ஆகும்?"

"எந்தக் கூரை?"

"லிஃப்ட் போற குழியோட கூரைன்னு வச்சுக்கங்க."

"பெட்டிக்கு மேல மூச்சுவிட எடம் வேணும். இல்லேன்னா போய் முட்டிட்டுத் திரும்பும்." தலையணை உறையை உதறினார். "ஆனா லிஃப்ட் மக்கர் பண்ணுதுன்னாலே எல்லாரும் மேலயே பாப்பான். பாதிக் கேசு கீழ, குழியில இருக்கும்."

"நீங்க என்னிக்காவது பெட்டி மேல ஏறிப் பாக்காம அட்டையில கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?"

அவர் உறையை மடிப்பதை நிறுத்தினார். "ஒரே ஒரு தடவ. அந்தப் பல் ஆஸ்பத்திரிக் கட்டடம்."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பல வருஷமா நல்லாத்தான் ஓடுது. ஆனா அங்க போனா நான் படியிலதான் ஏறுவேன்."

உள்ளறையிலிருந்து மகள் கத்தினாள்: "ஓ! என் பல்லுக்குப் போனப்ப நாலு மாடி இழுத்துட்டுப் போனது இதுக்குத்தானா? உடம்புக்கு நல்லதுன்னீங்களேப்பா!"

"உடம்புக்கும் நல்லதுதான்டா."

மறுநாள் இரண்டு மணி. டப்பாவைக் கழுவி, சீலையை இழுத்துவிட்டு, குள்ளனைத் திறந்தாள். முப்பதில் எதை எடுப்பது என்று யோசிக்காமல் கைக்கு வந்த எண்ணைத் தட்டினாள். இருபத்தொன்பதாவது வருடம், ஜனவரி.

சுழலே இல்லை.

தட்டு முழுவதும் வெளிறிய மஞ்சள், நடுவில் லேசான ஆரஞ்சு. காற்று அவசரமில்லாமல், கிழக்கிலிருந்து மேற்காக, மத்தியானத் தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர்போல நகர்ந்தது. ஜனவரி இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. துருவத்தின் தலைமேல் வெயில். பிழை என்று முதலில் தோன்றவே இல்லை. தாழ்ந்த கூரைக்குக் கீழே, மனிதரே இல்லாத ஒரு பூமியில், ஜனவரியில் வெயில் காய்கிற பனிப்பரப்பைக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சீலை காற்றில் ஊதி அடங்கியது. கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனார். அந்த மணியும் குள்ளனின் ஊரிலிருந்து வருவதுபோல் இருந்தது.

பிறகுதான் உறைத்தது. வெயில். ஜனவரியில்.

பின்னால் போனாள். இருபதாவது வருடம்: ஜனவரி தொடங்கிச் சில நாளிலேயே சுழல் கலைந்து வசந்தம் வந்துவிட்டது. பன்னிரண்டாவது வருடம்: வசந்தம் பிப்ரவரி நடுவில். இரண்டாவது வருடம்: அடர்ந்த கருநீலச் சுழல், பிப்ரவரியில் முறையாக நெளிந்து, உடைந்து, மறுபடி கூடி, ஏப்ரலில் ஒழுங்காகக் கலைந்தது. நிஜ வானம் தோற்றது போங்கள்.

தூங்குகிறவர் மேலிருந்து போர்வை சரிகிற மாதிரி, குள்ளனின் குளிர்காலம் வருடத்துக்குக் கொஞ்சம் நழுவியிருந்தது. எவ்வளவு? விரல் விட்டு எண்ணினாள். ஐந்து நாள். ஒவ்வொரு வருடமும் சரியாக ஐந்து.

மூலக் கோப்பைத் திறந்து தலைப்பு வரிகளைப் படித்தாள். பதினோராவது வரியில் இருந்தது: மாதத்துக்கு முப்பது நாள், வருடத்துக்கு முந்நூற்றறுபது. கணக்குக்குச் சுலபம் என்று செய்தவர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள். இப்படிச் சில மாதிரிகள் உண்டு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவள் எண்ணியதும் இப்போது ஓட்டிப் பார்த்ததும் மூலத்தை அல்ல, ஒரு நகலை. நகலெடுத்தபோது அந்த ஒரு வரி விழுந்துவிட்டது. வரி இல்லாததால் அவள் நிரல் குள்ளனை ஊரோடு ஒத்த முந்நூற்றறுபத்தைந்து நாள்காரன் என்று எடுத்துக்கொண்டு, அவனுடைய கோடையில் போய்க் குளிர்காலத்தைத் தேடியிருக்கிறது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முப்பதாவது வருடத்தில் ஐந்து மாதத் தரவு குறைந்தது. அன்றைக்கே கண்ணில் பட்டது. நகலில் வால் அறுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

நம்ப முடியாத எண்ணாக இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டாள். இது நம்பும்படி இருந்துவிட்டது.

மூலத்திலிருந்து மறுபடி எண்ணினாள். முதலில் நிரலை வைத்து, பிறகு படம் படமாகக் கண்ணால். பதின்மூன்று. பத்து வருடத்துக்கு நாலுக்குச் சற்று மேல். நிஜத்தின் ஆறுக்கு இன்னும் எட்டாதுதான், குள்ளன் குள்ளன்தான். ஆனால் கடைசி இல்லை. பதின்மூன்றில் ஒன்று தொடங்கிய தேதியைப் பார்த்துச் சற்று நேரம் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பதினேழாவது வருடம், பிப்ரவரி முப்பது. எந்தச் சுவரிலும் தொங்காத தேதி. யாரும் பிறந்திராத, யாருக்கும் கெடு வைத்திராத ஒரு நாளில், யாரும் இல்லாத ஓர் உலகத்தின் உச்சியில், சுழல் இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் மெல்ல விலகிப் போனது.

மணி நாலரை. அறையில் விசைப்பலகைச் சத்தம் மட்டும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். நோட்டு ஆணியில் தொங்கியது. அதைத் தாண்டித்தான் தண்ணீர்.

இதை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. குள்ளனின் அம்மாவிடம் தாள் இல்லை. நாளைக்குக் கையெழுத்தானால் கோப்பே மூடப்படும். இருபத்தாறு வருடத்தில் ஒரு வரி இல்லாத பெயர் அப்படியே இருக்கும். டம்ளரை இரண்டு தடவை நிரப்பினாள், இரண்டு தடவையும் பாதி குடித்து ஊற்றினாள். வீட்டுக்குப் போகும் வழியில், தன் அலுவலகத்தின் மூன்று மாடியையும் படியில் இறங்கியதை, தெருவுக்கு வந்த பிறகுதான் கவனித்தாள். லிஃப்டில் எந்தக் கோளாறும் இல்லை.

வியாழக்கிழமை கூட்டத்துக்கு முன்பே வந்து, நோட்டை ஆணியிலிருந்து கழற்றினாள்.

"என்னக்கா, என் பக்கங்களப் படிச்சுச் சிரிக்கப் போறீங்களா?" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

"பேனா குடுங்க."

"எதுக்கு?" அதற்குள் அவள் எழுதத் தொடங்கிவிட்டாள். எட்டு வரி. எந்த நகல், எந்த வரி விழுந்தது, ஓட்டிப் பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னது, எல்லாம். கையெழுத்துப் போடும்போது பேனா ஒரு தடவை நின்றது, பிறகு ஓடியது. அவர் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "வாங்கக்கா, வாங்க. இத்தன வருஷம் வெளியூர்க்காரங்க மாதிரி இருந்தீங்க," என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எது முதலில் என்று தெரியவில்லை.

துறைத்தலைவர் நோட்டைப் படித்தார். புதிய அட்டவணையைப் படித்தார். அவர் திட்டுகிறவர் இல்லை. அதுதான் கஷ்டம்.

"உங்களுதுன்னா நான் பாக்கிறதே இல்ல," என்றார்.

"அதான் சார் தப்பாப் போச்சு. இனிமே பாருங்க."

"அப்ப வரிசையில கடைசி யாரு?"

"மரக்கட்டை சார்."

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மரக்கட்டை அவர் பத்து வருடம் முன்பு, வேறோர் இடத்தில் வேலை பார்த்தபோது வளர்த்த பிள்ளை. எண்பது கிலோமீட்டருக்கு வானம். ஆனாலும் முப்பது வருடத்தில் எட்டு உடைப்பு.

"அவன ஓட்டிப் பாத்தீங்களா?"

"மூணு குளிர்காலம் பாத்தேன் சார். முன்னாடி ஒண்ணு, இன்னிக்குக் காலைல ரெண்டு. தேதியெல்லாம் சரியா இருக்கு. கீழேயிருந்து வர்ற அலைதான் நோஞ்சானா இருக்கு. மலையெல்லாம் கொஞ்சம் மழுங்கிப்போன மாதிரி."

அவர் பென்சிலை எடுத்து மேஜைமேல் இரண்டு தட்டுத் தட்டினார். "மேல அவ்வளவு எடம் விட்டேன். கீழேயிருந்து எழுப்பிவிட ஆளு வைக்கல," என்று சொல்லி, இருபத்திரண்டாவது வரியில் தானே கோடு போட்டார். பிறகு, யாரிடமும் இல்லாமல், "பையன் பாக்க நல்லாருப்பான்," என்றார்.

மத்தியானம் அவளே போன் போட்டாள்.

"குள்ளனோட அம்மாங்களா? பதின்மூணு. உங்க எண்ணிக்கை சரி. தப்பு எம்மேல. பாத்தேன்னு சொன்னதும் பொய். நேத்துதான் பாத்தேன்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. குள்ளனின் அம்மா தன்னோடிருந்த மூவரிடம் என்னவோ சொன்னாள். பிறகு குரல் திரும்பி வந்தது. "தாராளமா எண்ணலியே நான்?"

"இல்லீங்க. கறாரா எண்ணியிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பதினேழாவது வருஷம் ஒண்ணு உடையுதே, அதப் பாத்திருக்கீங்களா?"

"பிப்ரவரி முப்பதா?" என்றாள் அவள் உடனே. "அதத்தாங்க எல்லாருக்கும் காட்டுவேன்."

இருவரும் மகளின் பல்லைப் பற்றி, மெஷின் சூட்டைப் பற்றி ஏதோ பேசிவிட்டு வைத்தார்கள். மணி இரண்டாகியிருந்தது. அவள் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். சீலையை இழுத்தாள், செருப்பைக் கழற்றினாள். பச்சை நோட்டு ஆணியில் கொஞ்சம் கோணலாகத் தொங்கியது, நேராக்கவில்லை. பதினேழாவது வருடத்தைத் தட்டி, பிப்ரவரி இருபத்தெட்டிலிருந்து மெதுவாக ஓடவிட்டாள்.